மேவிஸ் உட்கார்ந்த பெஞ்சு

ஆமோஸ் ஓட்லிங்கைக் கேட்டுப் பாருங்கள், பிறந்து எழுபத்தெட்டு வருடத்தில் ஒரு நாள்கூட சர்ச்சுக்குப் போனதில்லை என்பார். அப்படிச் சொல்லும்போதே சர்ச் சாவி அவர் இடுப்பில் தொங்கிக்கொண்டிருக்கும். அது கைக்கு அடக்கமான சாவி இல்லை. யாரையாவது அதால் ஒரு போடு போட்டால் நேரே ஆஸ்பத்திரிதான். பதினைந்து வருடமாகத் தினமும் காலை ஒன்பது மணிக்கு ஹாலர்பி சர்ச்சைத் திறப்பதும் அவர்தான், சாயங்காலம் பூட்டுவதும் அவர்தான்.

"அது வேலை, கண்ணு," என்பார். ஊரில் எல்லாரும் அவருக்குக் கண்ணுதான், பாதிரியார் உட்பட. "வேலைக்குப் போறது வேற, சர்ச்சுக்குப் போறது வேற."

இதற்குச் சாட்சி அவர் தலையில் இருக்கும் தொப்பி. சர்ச்சுக்குள் வந்தால் ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். இவர் கழற்ற மாட்டார். உட்காரவும் மாட்டார். உட்கார்ந்துவிட்டால் ஆராதனைக்கு வந்ததாக ஆகிவிடுமாம். கால் கடுத்தால் தூணில் சாய்ந்துகொள்வார்.

நான் பக்கத்து வீட்டு ஐவி ஸ்டாம்ப். அந்த சர்ச்சில் இருபத்தேழு வருடம் ஆர்மோனியம் வாசித்தவள். அவருடைய தொப்பியைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு.

எங்கள் ஊர் லிங்கன்ஷயரில், கடலோரச் சதுப்பில் இருக்கிறது. அந்தக் காலத்தில் இங்கே ஜனங்கள் இரண்டு ஜாதி. ஒன்று சர்ச் ஆட்கள், இன்னொன்று அதிலிருந்து பிரிந்துபோய்த் தனியாகக் கோயில் கட்டிக்கொண்ட மெதடிஸ்ட் சேப்பல் ஆட்கள். சேப்பல் ஆட்கள் சொட்டுக்கூடக் குடிக்க மாட்டார்கள், முழங்கால் போட மாட்டார்கள், பாட்டை மட்டும் கூரை பிய்ந்து போகிற மாதிரி பாடுவார்கள். நாங்கள் வாய்க்குள்ளேயே பாடுவோம், கேட்டால் மரியாதை என்போம். ஆமோஸின் அப்பா சேப்பலில் பிரசங்கம் செய்தவர். பிள்ளைக்குப் பத்து வயதானபோது பைபிள் மேல் கை வைக்கச் சொல்லி, சர்ச் ஆராதனையில் ஒரு நாளும் உட்கார மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருந்தார். அப்படிப்பட்ட வீட்டுப் பையன் போய் ஆசைப்பட்டது யாரை என்கிறீர்கள்? மேவிஸ் ஃபாரோவை. சர்ச்சில் முதல் வரிசை பெஞ்சில் பித்தளைச் சட்டத்துக்குள் குடும்பப் பெயர் எழுதி வைத்திருந்த வீட்டுப் பெண்ணை.

எங்கே கல்யாணம் செய்வது என்று ஒன்றரை வருடம் சண்டை. இவர் சர்ச்சுக்கு வர மாட்டார், அவள் சேப்பலுக்கு வர மாட்டாள். கடைசியில் 1946இல் லவுத் டவுனில் ரிஜிஸ்தர் ஆபீசில் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு அம்மாக்களும் வாசலில் நின்று அழுதார்கள், ஆளுக்கு ஒரு ஓரமாக.

அதன் பிறகு இருபத்தேழு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நடந்தது இது. இருவரும் கைகோத்துக்கொண்டு நாற்சந்தி வரை வருவார்கள். அங்கே அவள் இடது பக்கம் சர்ச்சுக்குப் போவாள், அவர் வலது பக்கம் சேப்பலுக்குப் போவார். ஆராதனை முடிந்ததும் அதே நாற்சந்தியில் சந்தித்து வீட்டுக்குப் போவார்கள். இதில் ஆமோஸுக்கு ஒரு பெருமை இருந்தது. அதைக் கேட்டுக் கேட்டு எங்கள் காது புளித்துப் போனது.

"இத்தனை வருஷத்துல ஒரு ஞாயிறுகூட அவ எனக்காகக் காத்திருந்ததில்லை, நான் அவளுக்காகக் காத்திருந்ததில்லை. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வந்து சேருவோம். எங்க சேப்பல் பிரசங்கியார் ஒரு நாள் முக்கால் மணி பேசுவார், ஒரு நாள் ஒண்ணேகால் மணி பேசுவார். அப்பவும் சரியா வந்து நிப்பா. இது யார் வேலைங்கறே? கர்த்தர் வேலை, கண்ணு. சர்ச்சும் சேப்பலும் அவருக்கு ஒண்ணுன்னு எங்களுக்குக் காட்டறார்."

நான் வாயைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொள்வேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சர்ச்சை 1973இல் மூடினார்கள். கடைசி ஆராதனைக்கு ஒன்பது பேர் வந்தோம், அதில் ஒன்று நாய். மூடிய சர்ச்சுகளைப் பார்த்துக்கொள்ளும் அறக்கட்டளை ஒன்று அதை எடுத்துக்கொண்டு, சாவியை யாராவது வைத்திருங்கள் என்றது. மேவிஸ் வாங்கிக்கொண்டாள். ஆறு வருடம் கழித்துச் சேப்பலையும் மூடி விற்றுவிட்டார்கள். இப்போது அதில் ஒரு பல் டாக்டர் குடும்பத்தோடு இருக்கிறார். மேவிஸ் 1984இல் போய்ச் சேர்ந்தாள். சர்ச்சின் வடக்குச் சுவரோரம் குழி. குழி ஓரத்திலேயே ஜெபம் நடந்ததால் ஆமோஸின் சத்தியத்துக்குப் பங்கம் வரவில்லை. மறுநாள் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்றார். அப்புறம் "வேற ஆள் கிடைக்கற வரைக்கும்தான்" என்று சொல்லித் தானே வைத்துக்கொண்டார். அந்த வேறு ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

இந்தப் பதினைந்து வருடத்தில் அந்தக் கட்டடத்தை அவர் கரைத்துக் குடித்துவிட்டார். வாய்க்கால் தூர்வாரும் வேலையில் நாற்பது வருடம் இருந்த மனிதர், மண்ணையும் ஈரத்தையும் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கல்லைத்தான் புதிதாகக் கற்றுக்கொண்டார். பார்க்க வருகிறவர்களைச் சும்மா விட மாட்டார்.

"உப்புக் காய்ச்சின காசுல கட்டினது," என்று வாசலிலேயே ஆரம்பிப்பார். "இந்தப் பச்சைக் கல்லு இருக்கே, நகத்தால கீறினா உதிரும். எண்ணூறு வருஷமா உதிர்ந்துட்டே நிக்குது. மேல பாருங்க, வாசல் வளைவுல பல்லுப் பல்லா செதுக்கியிருக்கான். இடது பக்கம் பதினோரு பல்லு, வலது பக்கம் பத்து. கொத்தனாருக்கு எண்ணத் தெரியலை."

உள்ளே போனால் வடக்குச் சுவர். மூன்று பெரிய வளைவுகள் சுவருக்குள் புதைந்து கிடக்கும். ஒரு காலத்தில் அந்தப் பக்கம் இன்னொரு கூடமே இருந்ததாம். கொள்ளைநோயில் ஊர் பாதி செத்த பிறகு, உட்கார ஆள் இல்லாமல் அதை இடித்துவிட்டு வளைவுகளைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். பலிபீடத்துப் பக்கம் சுவருக்குள்ளேயே சுழன்று ஏறும் குறுகிய படி உண்டு. ஏறி முடித்தால் ஒரு கதவுநிலை, அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை, பன்னிரண்டு அடி கீழே தரை.

"இந்தப் படி எங்க போகுது?" என்று எல்லாரும் கேட்பார்கள்.

"ஆஸ்பத்திரிக்கு," என்பார். "அங்க ஒரு பரண் இருந்துச்சு, சிலுவை வெச்ச பரண். ராஜாவோட ஆளுங்க வந்து உடைச்சிட்டாங்க. படியை உடைக்கச் சோம்பல் பட்டு விட்டுட்டாங்க."

கூரையில் மரத் தேவதூதர்கள் பதினான்கு பேர். ஒருவருக்கும் மூக்கு கிடையாது. அது ஏதோ சண்டையில் சிப்பாய்கள் சுட்டதாக இருக்க வேண்டும் என்று வருகிறவர்கள் ஆசைப்படுவார்கள். ஆமோஸ் ஒத்துக்கொள்ள மாட்டார். காக்கா சுடப் போய் மூக்கில் பட்டது என்பார். வந்தவர்கள் முகம் சுண்டிப் போகும்.

அப்புறம் அந்தச் சின்ன சன்னல். அடைத்த வளைவுகளில் கடைசியில் உள்ளதற்குள், நிற்கிற ஆளின் இடுப்பளவில் ஒரு கை அகலச் சன்னல். குனிந்து பார்த்தால் காஞ்சொறிச் செடிதான் தெரியும். இது எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை.

"தொழுநோயாளிங்க வெளியிலேர்ந்து பூசை பார்க்கறதுக்கு வெச்சதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கு," என்பார் ஆமோஸ். "அது பொய். மணி அடிக்கறதுக்குன்னு ஒருத்தர் சொன்னார். அதுவும் பொய். குள்ளமான கொத்தனார்னு நான் சொல்றேன். யாருக்கும் தெரியாது, கண்ணு. எண்ணூறு வருஷமா யாருக்கும் தெரியாத சன்னல் அது."

எனக்குத் தெரியும். எண்ணூறு வருடத்துக்கு முன்னால் எதற்கு வைத்தார்கள் என்பது தெரியாது. 1946இலிருந்து அது எதற்குப் பயன்பட்டது என்பது நன்றாகவே தெரியும்.

அதற்கு முன் பெஞ்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தினமும் பெருக்கி முடித்ததும் ஆமோஸ் வடக்குப் பக்கம் முதல் பெஞ்சுக்குப் போவார். பித்தளைச் சட்டத்தில் 'ஃபாரோ' என்று எழுதிய அட்டை இன்னும் இருக்கிறது. அந்தப் பெஞ்சுக்கு மட்டும் தேன்மெழுகு போட்டுத் தேய்ப்பார். மேவிஸ் பின்னிய உறை போட்ட ஒரு திண்டை அவரே அங்கே கொண்டுவந்து போட்டிருந்தார். அதைத் தட்டி வைப்பார். மற்ற பெஞ்சுகளை அவர் மதிப்பதே இல்லை, "நேத்து வந்த பெஞ்சு" என்பார். வந்து நூற்றைம்பது வருடம்தான் ஆகிறதாம்.

விஷயம் என்னவென்றால், மேவிஸ் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததே கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள்கூட. ஆமோஸுக்கு எப்படித் தெரியும்? அவர் ஒரு ஆராதனைக்காவது உள்ளே வந்து பார்த்திருந்தால்தானே! பதினைந்து வருடமாக அவர் பயபக்தியோடு மெழுகு போட்டுக்கொண்டிருந்தது மேவிஸின் அத்தை கெர்ட்ரூடின் பெஞ்சுக்கு. அந்த கெர்ட்ரூடை மேவிஸுக்குக் கண்ணில் காட்டக் கூடாது.

எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நான் மேவிஸுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். தவிர, ஒரு பெஞ்சு பளபளவென்று இருப்பதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று சும்மா இருந்துவிட்டேன்.

போன அக்டோபரில் அறக்கட்டளையிலிருந்து மிஸ் பெக்கோவர் வந்தார். கட்டடக் கலைஞர், நல்ல பெண், கையில் ஈரம் அளக்கிற கருவி. வடக்குப் பக்கத்துப் பலகைத் தளத்தில் அதைக் குத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மிஸ்டர் ஓட்லிங், மன்னிச்சுக்கோங்க. இந்தப் பக்கம் முழுக்க அடியில உளுத்துப் போச்சு. பதினோரு பெஞ்சையும் எடுத்துத்தான் ஆகணும். ஒண்ணை மட்டும் காயவெச்சு திரும்ப வைக்கலாம், பழைய ஞாபகத்துக்கு. எதுன்னு நீங்களே சொல்லுங்க. வியாழக்கிழமை ஆளுங்க வருவாங்க. வேண்டியதுல சாக்பீஸால ஒரு கோடு போட்டுடுங்க."

"மீதியெல்லாம்?"

"விறகுக்குத்தான் போகும்."

ஆமோஸ் யோசிக்கவே இல்லை. சாக்பீஸை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "எதுன்னு எனக்குத் தெரியும்," என்றார்.

கெர்ட்ரூடின் பெஞ்சு நிற்கும், மேவிஸின் பெஞ்சு யார் வீட்டு அடுப்பிலோ எரியும். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாக்கைக் காப்பாற்றினால் பெஞ்சு போகும், பெஞ்சைக் காப்பாற்றினால் வாக்குப் போகும். மேவிஸ் கேட்டது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "அவர்கிட்ட மூச்சு விடாதே, ஐவி. கர்த்தர் எங்களுக்காகக் கடிகாரம் பார்க்கறார்னு நெனச்சிட்டிருக்கார். நெனச்சிட்டே இருக்கட்டும்."

புதன்கிழமை மத்தியானம் ஒரு பிளம் ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு சர்ச்சுக்குப் போனேன். ஆமோஸ் சாக்பீஸோடு முதல் பெஞ்சருகே நின்றுகொண்டிருந்தார்.

"கோடு போட்டாச்சா?"

"போடப் போறேன். எந்த இடத்துல போட்டா மெழுகு கெடாதுன்னு பார்க்கறேன்."

"அதை அப்புறம் பார்க்கலாம். இங்க வாங்க. இந்தக் கடைசிப் பெஞ்சுல சுவரோரமா உட்காருங்க."

"எதுக்கு?"

"உட்காருங்கன்னா உட்காருங்க."

"நான் உட்கார மாட்டேன்னு ஊருக்கே தெரியும். உனக்குத் தெரியாதா?"

"ஆராதனை ஒண்ணும் நடக்கலை. பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை, நானும் பிளம் ரொட்டியும்தான் இருக்கோம். தொப்பியோடவே உட்காருங்க."

"அந்தப் பெஞ்சுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை. பலகை."

"அப்ப எதுக்கு..."

"ஐயோ, பிடிச்ச பிடியை விடாத மனுஷன்! எனக்கு எழுபத்திரண்டு வயசு, ரெண்டு முட்டியும் போயாச்சு, உங்ககிட்ட நின்னு கெஞ்சறேன். ஒரு நிமிஷம் உட்கார்ந்தா உங்க அப்பா எழுந்து வந்து அடிச்சிடுவாரா?"

முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பெஞ்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சூடான அடுப்பில் உட்காருவது போல உட்கார்ந்தார். பெஞ்சு கிறீச்சென்றது.

"உட்கார்ந்தாச்சு. இப்ப என்ன?"

"இப்ப இடது பக்கம் திரும்புங்க."

திரும்பினார். நிற்கிற ஆளுக்கு இடுப்பளவில் இருக்கிற அந்தச் சன்னல், அங்கே உட்கார்ந்தால் சரியாகக் கண்ணுக்கு நேரே வரும். நின்று குனிந்தால் கீழே காஞ்சொறி தெரியும். உட்கார்ந்தால் காஞ்சொறிக்கு மேலே, பீட்ரூட் வயலைத் தாண்டி, நேரே எதிரில் தெரிவது சேப்பல் வாசல்.

பல் டாக்டர் அந்தக் கதவுக்கு நீலச் சாயம் அடித்திருக்கிறார், அது வெயிலில் நன்றாகவே தெரிந்தது. ஆமோஸ் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இங்கேர்ந்து பார்த்தா," என்றார் மெதுவாக, "வாசல்ல வர்ற ஆள் தெரியுமா?"

"ம்."

"யாருன்னு தெரியுமா?"

"தொப்பியை எடுத்துத் தலையில வெச்சுக்கறது வரைக்கும் தெரியும்."

என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லாதே என்றுதான் மேவிஸ் கேட்டாள். உட்கார வைக்காதே என்று கேட்கவில்லை. இருந்தாலும் என் முகம் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கும், எனக்குப் பொய் சொல்லும் முகம் கிடையாது.

"மேவிஸ்," என்றார்.

அதற்கு மேல் மறைத்து என்ன ஆகப் போகிறது? சொன்னேன். சேப்பலைவிட்டு வெளியே வரும்போது அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொள்வார். அதைப் பார்த்ததும் மேவிஸ் கையுறையை மாட்டுவாள். ஆர்மோனியத்துக்கு மேல் எனக்கு ஒரு சின்ன முகம் பார்க்கிற கண்ணாடி உண்டு. அதில் மேவிஸ் கையுறையை மாட்டுவது தெரிந்ததும் நான் கடைசி வாசிப்பை முடிப்பேன், அவள் எழுந்து போய்விடுவாள். சேப்பல் பிரசங்கம் நீண்டால் என் வாசிப்பும் நீளும். சேப்பல் சீக்கிரம் விட்டால் கடைசிப் பாட்டின் நடுவிலேயே நழுவிவிடுவாள், கதவு பக்கத்தில்தானே. சேப்பல் வாசலில் ஆமோஸ் நான்கு பேரோடு நின்று வாய்க்கால் நியாயம் பேசிய நாட்களில், எல்லாரும் போன பிறகும் அவள் தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். மேவிஸ் மாதிரி பக்தி யாருக்கும் வராது என்று பாதிரியார் ஒரு முறை பிரசங்கத்திலேயே சொன்னார். எனக்கு ஆர்மோனியத்தில் தலையை முட்டிக்கொண்டு சிரிப்பை அடக்க வேண்டியதாகிவிட்டது.

"அப்ப கர்த்தர் பண்ணலையா?" என்றார் ஆமோஸ். குரல் சின்னப் பிள்ளை குரல் மாதிரி இருந்தது.

"கர்த்தர் சன்னலை வெச்சார். மீதியை அவ பார்த்துக்கிட்டா."

"சன்னலை வெச்சது கொத்தனார்," என்றார். அந்த நேரத்திலும் திருத்தாமல் இருக்க முடியவில்லை மனிதருக்கு.

அப்புறம் முதல் பெஞ்சைக் காட்டினார். "அப்ப அது?"

"கெர்ட்ரூடோடது. கல்யாணம் ஆன அடுத்த ஞாயிறே, சேப்பல்காரனைக் கட்டினவ என் பக்கத்துல உட்காரக் கூடாதுன்னுட்டா. மேவிஸ் ஒரு வார்த்தை பேசலை. பாட்டுப் புஸ்தகத்தை எடுத்துக்கிட்டு நேரா இங்க வந்து உட்கார்ந்துட்டா."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா நீங்க கெர்ட்ரூடு வீட்டு வாசல்ல போய் நின்னு கத்தியிருப்பீங்க."

"கத்தத்தான் கத்தியிருப்பேன்!" என்றார். முகம் சிவந்துபோனது. "அந்தக் கெழவிக்கா நான் பதினஞ்சு வருஷமா மெழுகு போட்டேன்?"

"தேன்மெழுகு," என்றேன். "நல்ல உசத்தி மெழுகு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முறைத்தார். பிறகு அவரும் சிரித்தார், சிரிக்கச் சிரிக்க இருமல் வந்தது, இருமி முடித்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது. இருமலால் என்று நான் நினைத்துக்கொண்டதாகக் காட்டிக்கொண்டேன். அந்தக் கடைசிப் பெஞ்சின் முதுகில் அவரே சாக்பீஸால் கோடு போட்டார், ஒன்று இல்லை, நான்கு. வேலையாட்களுக்குக் கண் தெரியாமல் போய்விடுமாம்.

வியாழக்கிழமை பத்து பெஞ்சு வண்டியேறியது. கெர்ட்ரூடின் பெஞ்சை ஏற்றும்போது ஆமோஸ் கூட ஒரு கை கொடுத்தார். தேவைக்கு மேலேயே வேகமாகத் தள்ளினார் என்றுதான் எனக்குப் பட்டது. பித்தளைச் சட்டத்தை மட்டும் மிஸ் பெக்கோவர் கழற்றி வைத்துக்கொண்டார். கடைசிப் பெஞ்சு மூன்று வாரம் காய்ந்து, புதுப் பலகை மேல், அதே வளைவுக்கு அடியில் திரும்ப வந்து உட்கார்ந்தது. திண்டும் அங்கே இடம் மாறியது. உட்கார்ந்து பார்த்தால் சன்னல் சரியாக வருகிறதா என்று ஆமோஸ் இரண்டு தடவை பார்த்தார். ஒரு விரல்கடை தள்ளி வைக்கச் சொன்னார். வேலையாள் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளி வைத்தான்.

அடுத்த ஞாயிறு காலை பதினொன்றரைக்கு என் சமையலறைக் கதவைத் தட்டினார். சுத்தமான சட்டை போட்டிருந்தார்.

"அந்த ஆர்மோனியம் இன்னும் வாசிக்குமா?"

"எலி பாதியைத் தின்னுடுச்சு. மீதி வாசிக்கும்."

"வந்து வாசி."

"ஆராதனையா நடத்தப் போறீங்க? உங்க சத்தியம் என்ன ஆறது?"

"ஆராதனை இல்லை. வேலை. வாசிக்குதான்னு சோதிச்சுப் பார்க்க வேண்டியது சாவிக்காரன் பொறுப்பு."

போனேன். துருத்தியை மிதித்தால் புஸ் என்கிறது, மூன்று கட்டைகள் அழுத்தினால் எழுந்து வருவதில்லை. கடைசியில் எப்போதும் வாசிக்கிற மெட்டையே எடுத்தேன். நிமிர்ந்து அந்தச் சின்னக் கண்ணாடியைப் பார்த்தேன், பழக்க தோஷம்.

கடைசிப் பெஞ்சில் ஆமோஸ் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். தொப்பி தலையில் இல்லை, முழங்காலில் இருந்தது. அதை நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவர் அதை எடுத்துத் தலையில் வைத்ததும் வாசிப்பை முடித்துவிடலாம் என்று காத்திருந்தேன். மெட்டு ஒரு முறை முடிந்தது. அவர் தொப்பியைத் தொடவில்லை. அந்த நீலக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.